கடனைத் தீர்த்த கூலியாள்



பணத்தைக் கிறீஸ்தவ முறைப்படி ஆளுவது எப்படி என்று யாராவது பேச ஆரம்பித்தால், அது பணக்காரருக்கு ஏற்பட்ட பிரசங்கம் என்று எண்ணி நம்மில் பலர் காதை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறோம். வருவது வாய்க்கே போதாதபோது ஆளுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பது நாம் சொல்லும் நியாயம். அந்த நியாயத்துக்கு மறுமொழியாக ஒரு கூலியாளின் சரித்திரத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் அரசனல்ல, வியாபாரியல்ல, குருவுமல்ல. அயர்லாந்து தேசத்தின் தலைநகராகிய டப்ளினில் செங்கல்லும் மரமும் சுமந்து பிழைத்தவர். வாரக் கூலியைத் தவிர வேறு ஆஸ்தி கண்டதில்லை. அவருடைய பெயர் மத்தேயு டால்பட். ஊரார் சுருக்கமாக மாட் டால்பட் என்று அழைத்தார்கள். குடியை விட்ட புண்ணியவான் என்று உலகம் அவரை அறியும். ஆனால் குடித்த கடனைத் தீர்த்ததும் அவருடைய மனந்திரும்புதலில் ஒரு பாதி. அந்தப் பாதியை அதிகமாக யாரும் பேசுவதில்லை. இன்று நாம் அதைப் பார்ப்போம்.

மத்தேயு 1856-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி பிறந்தார். தகப்பனார் சார்லஸ், தாயார் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாவது. பிறந்த மூன்றாம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்நாளில் டப்ளின் நகரத்து ஏழைகள் பழைய மாளிகைகளை அறை அறையாகப் பிரித்து, ஒரு அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு வாழ்ந்தார்கள். டால்பட் குடும்பமும் அடிக்கடி வீடு மாறிய குடும்பம். தகப்பனார் துறைமுகத்தில் நல்ல வேலை பார்த்தார். கூடவே நன்றாகக் குடித்தார். பிள்ளைகளில் மூத்தவன் தவிர மற்ற ஆண்பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று தாயார் வெளியே போய்க் கூலி வேலை செய்தாள்.

மத்தேயுவின் பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்ச காலந்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதில் சிறுவன் வேலைக்குப் போனான். போன இடம் எது தெரியுமா? மதுவைப் புட்டியில் அடைத்து விற்கும் கம்பெனி. கையால் தொட்டதை வாயாலும் தொட்டுப் பார்த்தான். சில மாதங்களுக்குள் வெறித்து வீட்டுக்கு வர ஆரம்பித்தான். தகப்பனார் அவனை அடித்து, அந்த வேலையிலிருந்து பிடுங்கி, தன் கண்காணிப்பில் இருக்கட்டும் என்று துறைமுகக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். அங்கே அடுக்கியிருந்தது விஸ்கிப் பீப்பாய்கள்! பெற்றோரே, பிள்ளையை எங்கே வேலைக்கு வைக்கிறோம் என்பது அவன் எவ்வளவு கொண்டுவருவான் என்பதைவிடப் பெரிய கேள்வி. இந்தத் தகப்பனார் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

பின்னால் மத்தேயு கட்டட வேலைக்குப் போய்க் கொத்தனாருக்குச் செங்கல் சுமக்கும் கூலியாளானார். உடம்பில் பலமிருந்தது, வேலையில் சோம்பல் கிடையாது. சம்பாத்தியம் இல்லாதவர் என்று ஒருவரும் அவரைச் சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கினால் நேரே சாராயக் கடை. தாமும் குடிப்பார், கூட இருப்பவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பார். தாராள மனசுக்காரன் என்ற பேர் கடையில் இருந்தது. வீட்டில் தாயாருக்குக் கிடைத்தது அற்பமே. வாரத்தின் நடுவிலேயே பணம் தீர்ந்துபோகும். அதன் பிறகு கடையில் கடன், சிநேகிதரிடம் கைமாற்று, அடகுக் கடையில் துணி. சில சமயம் காலில் போட்டிருந்த பூட்ஸையே அடகு வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் இதிலும் கேவலமான காரியம் நடந்தது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஒரு ஏழை இருந்தான். மத்தேயுவும் கூட்டாளிகளும் அவனுடைய பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த மனிதனுக்கு நிலமில்லை, கடையில்லை; அந்தப் பிடில்தான் அவனுக்கு ஏரும் மாடும். ஒரு மாலை நேரத்து வெறிக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விட்டது.

இப்படியே சுமார் பதினாறு வருஷம் கழிந்தது. இத்தனைக்கும் அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அடியோடு விட்டவரல்ல. கோவிலுக்குள் வந்து நிற்பார். தேவதிரவிய அனுமானங்களை அண்டமாட்டார்.

1884-ம் ஆண்டு வந்தது. அவருக்கு வயது இருபத்தெட்டு. சில நாட்களாக அவர் வேலைக்குப் போகவில்லை; ஆகையால் அந்தச் சனிக்கிழமை கூலியும் இல்லை. கடையில் கடனும் கொடுக்கமாட்டார்கள். வேலை முடிந்து கூலியோடு வரும் சிநேகிதர்களில் யாராவது உள்ளே வா என்று அழைப்பார்கள் என்ற நம்பிக்கையோடு சாராயக் கடைக்கு வெளியே தெருமுனையில் நின்றார். எத்தனையோ முறை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவரல்லவா? அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்; க்ஷேமம் விசாரித்தார்கள்; உள்ளே போனார்கள். ஒருவன்கூட அவரை அழைக்கவில்லை.

பிரியமானவர்களே, கையில் காசுள்ளபோது கூடுகிற கூட்டத்தின் விலை அன்று அவருக்கு விளங்கிற்று. கெட்ட குமாரன் சகலத்தையும் செலவழித்தபின் கண்ட அதே பாடம். சர்வேசுரன் சிலரைப் பிரசங்கத்தால் அழைக்கிறார், சிலரை வியாதியால் அழைக்கிறார். மத்தேயுவைக் காலியான சட்டைப்பையால் அழைத்தார்.

நேரே வீட்டுக்கு நடந்தார். வேளையோடு, வெறியில்லாமல் வந்த மகனைப் பார்த்துத் தாயார் ஆச்சரியப்பட்டாள். குடியை விட்டுவிடப் பிரதிக்கினை எடுக்கப்போகிறேன் என்று சொன்னார். தாயார் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. காப்பாற்ற மனதிருந்தால் மாத்திரம் எடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினாள். அவர் கிளான்லிப் என்னுமிடத்திலுள்ள திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போய், பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு குருவானவர் முன்பாக மூன்று மாதத்துக்குப் பிரதிக்கினை எடுத்தார். மூன்று மாதம் முடிந்ததும் ஆறு மாதத்துக்கு எடுத்தார். பிறகு ஆயுள் முழுவதற்கும் எடுத்தார். அன்று முதல் சாகும்வரை சுமார் நாற்பது வருஷம் ஒரு சொட்டு மது அவருடைய நாவில் படவில்லை.

அந்த முதல் மூன்று மாதம் சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்து வரும் வழியெல்லாம் சாராயக் கடைகள். ஒருநாள் சோதனை தாங்காமல் ஒரு கடைக்குள் நுழைந்தே விட்டார். கடைக்காரன் மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான், இவரைக் கவனிக்கவில்லை. சற்று நேரம் நின்றவர் வெளியே வந்து கோவிலுக்குள் புகுந்து அதைப் பூட்டும்வரை அங்கேயே இருந்தார். அதன்பிறகு அவர் செய்த தீர்மானத்தைக் கவனியுங்கள்: இனி வெளியே போகும்போது சட்டைப்பையில் காசு வைப்பதில்லை என்று முடிவு செய்தார். பாவத்துக்கு அடுத்த சமயங்களை விலக்க வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படிக்கிறோமல்லவா? அவருக்கு அடுத்த சமயம் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆகவே சட்டைப்பையைக் காலியாக்கினார். தன் பலவீனத்தை அறிந்து அதற்கேற்றபடி பணத்தை வைப்பதும் விவேகம் என்னும் புண்ணியமே. கூலி வாங்கிய அன்று வழியில் எங்கும் தங்காமல் அதை வீட்டில் கொண்டுவந்து ஒப்படைக்கிறவன், பாதிச் சோதனையை வாசலிலேயே விட்டுவிடுகிறான்.

இனி கடன்களின் கதைக்கு வருவோம். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டது. சாராயக் கடைக்காரனுடைய கணக்குப் புஸ்தகத்தில் பாக்கி அப்படியே இருந்தது. சாராயம் விற்றவனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், அவன்தானே என்னைக் கெடுத்தான் என்று மத்தேயு வாதாடியிருக்கலாம். கேட்கிறவர்களும் நியாயந்தான் என்று தலையாட்டியிருப்பார்கள். அவர் அப்படி வாதாடவில்லை. வாங்கியது கடன், கொடுப்பது நீதி. தம்முடைய கூலியிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாக எடுத்து, கடை கடையாகத் தேடி, கைமாற்றுக் கொடுத்தவர்களையும் தேடி, பழைய பாக்கி அத்தனையையும் தீர்த்தார். குடிப்பதற்காக நுழைந்த அதே வாசல்களில் கொடுப்பதற்காக நுழைந்தார்.

மிஞ்சியது ஒரே கடன், அந்தப் பிடில்காரனுடைய கடன். வருஷக்கணக்காக நகரமெங்கும் அவனைத் தேடினார்; தர்மச்சாலைகளிலும் விசாரித்தார். அகப்படவில்லை. இறந்துவிட்டான் என்று எண்ணியபோது, அவனுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைக் கொண்டு அவனுடைய ஆத்துமத்துக்காகப் பூசைகள் ஒப்புக்கொடுக்கச் செய்தார். திருச்சபையின் போதனையும் இதுவே. அபகரித்த பொருளை வைத்துக்கொண்டே பாவமன்னிப்புக் கேட்பது போதாது, திருப்பிக் கொடுக்கவேண்டும். உடையவன் இல்லையென்றால் அவனுடைய வாரிசுக்குக் கொடுக்கவேண்டும். யாருமே அகப்படாவிட்டால் ஏழைகளுக்கோ ஒரு நல்ல காரியத்துக்கோ கொடுக்கவேண்டும். எப்படியும் அது நம் கையில் தங்கலாகாது. சக்கேயு என்பவர் சேசுநாதரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக வார்த்தைப்பாடு கொடுத்தாரே. கர்த்தர் வீட்டுக்குள் வந்தால் கணக்குப் புஸ்தகமும் திறக்கப்படும்.

கடன் தீர்ந்தபின் மத்தேயுவின் கையில் முதல்முறையாகப் பணம் மிச்சப்பட்டது. 1892-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு மரக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அந்தத் தொழிலிலேயே இருந்தார். தினமும் விடியற்காலையில் எழுந்து, நம் நாட்டுக்கு வேதம் போதிக்க வந்த அர்ச். சவேரியார் பெயரால் விளங்கும் கார்டினர் தெருக் கோவிலில் பூசை கண்டு, அதன்பிறகே வேலைக்குப் போவார். 1890-ல் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். புகையிலையையும் விட்டார். பலகையில் படுத்தார், மரக்கட்டை தலையணை. பெரும்பாலும் வெறும் ரொட்டியும் கொக்கோவும் ஆகாரம். செலவென்று சொன்னால் புஸ்தகங்கள்தான். எழுத்துக் கூட்டி வாசித்த மனிதர் அர்ச். அகுஸ்தீனார் நூலையும் அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் நூலையும் பிரயாசைப்பட்டு வாசித்து, புரியாத இடத்தைக் குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மீந்த பணம் எங்கே போயிற்று? கூட வேலை செய்கிறவன் வீட்டில் வாடகை பாக்கியா, பிள்ளைக்குக் காலணி இல்லையா, அங்கே போயிற்று. அநாதைகளுக்கும் தூரதேச வேதபோதகத்துக்கும் போயிற்று. தமக்கென்று ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். மத்தேயு கலியாணம் செய்யாதவர். தாயார் 1915-ல் இறக்கும்வரை அவளோடு வாழ்ந்தார். அதன்பிறகு தனி ஆள். அவர் செய்த தபசுகளை ஞான ஆலோசனைக் குருவின் அனுமதியோடு செய்தார். பெண்சாதி பிள்ளைகளுள்ள தகப்பன் பலகையில் படுத்து வெறும் ரொட்டி தின்று எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டால் அது புண்ணியமாகாது. அவனுடைய முதல் ஏழை அவனுடைய பிள்ளைதான். பிள்ளையின் படிப்புக்கும், நோய்நொடிக்கும், வயதான பெற்றோருக்கும் எடுத்து வைப்பது பேராசையல்ல, கடமை. மத்தேயுவுக்கும் இது நன்றாய்த் தெரியும். குடும்பஸ்தனுக்குச் செலவு அதிகம், எனக்குக் குறைவு என்பதே அவர் தமது கூலியைப் பங்கிட்டதற்குக் காரணம்.

இதை எல்லாரும் கண்டது 1913-ம் ஆண்டில். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் டப்ளினில் தொழிலாளர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் பெரிய போராட்டம் மூண்டது. சங்கத்தை விட்டு விலகினால்தான் வேலை என்று முதலாளிகள் கதவடைத்தார்கள். சுமார் 20,000 தொழிலாளர் வேலையிழந்தார்கள். 1914-ம் ஆண்டு பிறந்த பிறகும் பட்டினி நீடித்தது. மத்தேயுவும் சங்கத்து அங்கத்தினர். சங்கம் கொடுத்த உதவிப் பணத்தை, வேலை செய்யாமல் வந்த பணம் எனக்கெதற்கு என்று முதலில் வாங்க மறுத்தார். பிறகு வாங்கிப் பிள்ளைகுட்டிக்காரரான தோழர்களுக்குக் கொடுத்துவிட்டார். தருமம் செய்கிறோம் என்ற பேரால் அவர் நியாயமான கூலிக்காக நின்ற தோழரைக் கைவிடவில்லை. உரிமைக்காக நிற்கிறோம் என்ற பேரால் பசித்த அயலானை மறக்கவுமில்லை. தொழிலாளிக்கு அவன் குடும்பம் பிழைக்கத்தக்க கூலி கொடுப்பது நீதிக் கடமை என்று பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் உலகுக்குப் போதித்திருந்தார். கூலிக்கு ஆள் வைத்திருப்பவர்கள் நம் பங்கிலும் உண்டு. வேலைக்காரனுக்கு நிறுத்தி வைத்த கூலியும் கடன்தான் என்பதை அவர்கள் மறக்கவேண்டாம்.

1923-ல் அவருக்கு இருதய நோய் கண்டது. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலைக்குப் போக முடியவில்லை. கிடைத்தது ஒரு சொற்ப உதவித்தொகை. அப்படியிருக்க, 1924-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சீன தேசத்து வேதபோதகத்துக்காக ஏற்பட்ட அயர்லாந்து குருக்கள் சபைக்கு அவரிடமிருந்து ஒரு சிறு கடிதம் போயிற்று. பதினெட்டு மாதமாய் வேலையில்லை, நோயாயிருக்கிறேன், இனிமேல் வேலை செய்வேன் என்று தோன்றவில்லை என்று அதில் எழுதி, தமக்காக ஒரு பவுனும், தம்முடைய சகோதரிக்காகப் பத்து ஷில்லிங்கும், அதாவது அரைப் பவுனும், வைத்திருந்தார். தேவாலயப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைக் கண்ட அதே கண்கள் இந்தக் கடிதத்தையும் கண்டிருக்கும்.

அடுத்த வருஷம் உடம்பு சற்றுத் தேறி மறுபடியும் வேலைக்குப் போனார். 1925-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி, தமத்திரித்துவ ஞாயிறு. பூசைக்குப் போகிற வழியில் கிரான்பி சந்தில் விழுந்து அங்கேயே உயிர் துறந்தார். அங்கே கூடினவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் துணியைக் களைந்தபோதுதான், தபசுக்காக அவர் உடம்பில் அணிந்திருந்த சங்கிலிகளைக் கண்டார்கள். மறுவருஷமே அவருடைய சரித்திரம் ஒரு சிறு புஸ்தகமாக வெளிவந்து தேசதேசாந்தரம் பரவியது. 1931-ல் டப்ளின் மேற்றிராணியார் அவருடைய புண்ணிய வாழ்க்கையைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். 1972-ல் அவருடைய எலும்புகளை ஷான் மக்டர்மட் தெருவிலுள்ள லூர்து மாதா கோவிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1975-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று பிரகடனம் செய்தார். குடியில் சிக்கித் தவிப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் பல தேசங்களிலும் அவரை நினைத்து ஜெபிக்கிறார்கள்.

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்தில் ஒரு வரிசை இருக்கிறது. அதை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முதலில் பணத்தைத் தின்னுகிற பாவத்தை நிறுத்தினார். இரண்டாவது, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். மூன்றாவது, தமக்கு எவ்வளவு போதும் என்று அளந்துகொண்டார். அதற்குப் பிறகே மீதியைத் தானம் செய்தார். நாமோ சில சமயம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறோம். மளிகைக் கடைப் பாக்கி மாதக்கணக்காய் நிற்கும். திருநாளுக்குக் கடன் வாங்கி விருந்து வைப்போம். கைமாற்றுக் கொடுத்தவனைக் கண்டால் சந்து மாறிப் போவோம்; பீடத்தில் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மற்றவனுக்குச் சேரவேண்டிய காசில் ஏற்றிய மெழுகுவர்த்தி யாருடைய காணிக்கை? கொடுத்தவன் நாமா, ஏமாந்த கடைக்காரனா? கோவிலுக்குப் பங்கு கேட்கிற நானே சொல்கிறேன்: முதலில் கடைக்காரனுக்குக் கொடுங்கள், பிறகு கோவிலுக்கு வாருங்கள். இன்று முழுவதையும் கொடுக்க முடியாதவன் கொஞ்சம் கொடுக்கட்டும். கொஞ்சமும் முடியாதவன் நேரில் போய்த் தவணை கேட்கட்டும். மனதோடு தீர்க்கப் பார்க்கிறவனைச் சர்வேசுரன் கடன்காரனாக எண்ணமாட்டார்.

இந்த வாரம் ஒரு மாலை, ஜெபமாலை முடிந்தபின், புருஷனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று பேர்பேராக எழுதுங்கள். நம்மிடம் கேட்கத் துணிவில்லாத ஏழைகளின் பேரை முதலில் எழுதுங்கள். பிடில்காரனைப்போல் அவர்கள் அகப்படாமல் போகுமுன் அவர்களுடையதைக் கொடுத்துவிடலாம். எழுதிய தாளை வீட்டிலுள்ள திருஇருதயப் படத்தின் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். மறுநாள் காலையில் முதல் பேரிலிருந்து ஆரம்பியுங்கள்.